பலகையிலிருந்து எழுப்பப்பட்டவர்

சென்ற இதழில் சதுரங்க ஆட்டக்காரர் மீர் சுல்தான் கானைப் பற்றி வந்த கட்டுரையில் ஆண்டுகள் சரியாக இருக்கின்றன. ஊர்ப் பெயர்கள் சரியாக இருக்கின்றன. அவற்றை வைத்துக் கட்டுரையாளர் சொன்ன முடிவு மட்டும் பொய். பொய் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அவர் வாதத்தை அவர் வைத்த வரிசையிலேயே திரும்பச் சொல்கிறேன். பஞ்சாபிலிருந்து போன, எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் ஒருவர் 1929இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். நான்கைந்து வருஷம் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராக மின்னினார். பிறகு சரிந்தார், ஊருக்குத் திரும்பினார், யாருக்கும் தெரியாமல் இறந்தார். ஆகவே பிறவித் திறமை படிப்பில்லாமல் நிலைக்காது. சதுரங்கம் ஒரு தொழில் ஆகாது. சேலம், நாமக்கல் பெற்றோர்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை ஞாபக சக்திக்காக விளையாடவிட்டு, ஒன்பதாவதில் பலகையை எடுத்துப் பரணில் வைத்துவிட வேண்டும். இதுதான் கட்டுரை.

நான் இராசிபுரம் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். இதில் எனக்கு ஆதாயம் இருக்கிறது என்று யாரும் சொல்லலாம், இருக்கிறது. அதனால் என் கருத்தை நம்ப வேண்டாம், போட்டி முடிவுகளை மட்டும் பாருங்கள்.

சுல்தான் கான் 1928இல் அகில இந்தியப் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம் பெற்றார். 1929 வசந்தத்தில், தன்னை ஆதரித்த நவாப் சர் உமர் ஹயாத் கானோடு லண்டன் போனார். அதே ஆண்டு ராம்ஸ்கேட்டில் பிரிட்டிஷ் சாம்பியன். 1930இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், அன்றைய முன்னணி ஆட்டக்காரர் டார்டகோவருக்கு அடுத்து இரண்டாமிடம். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார். கப்பாபிளாங்கா யார் என்பதை இளம் வாசகர்களுக்காகச் சொல்லவேண்டும்: 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மனிதர், ஆறு ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்தவர். அவரை ஏதோ ஒரு கண்ணியில் சிக்கவைத்துச் சுல்தான் கான் வெல்லவில்லை. அறுபது நகர்த்தலுக்கு மேல், காய்களுக்கு மூச்சுவிட இடமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி வென்றார். அந்த ஆட்டத்தை இன்றும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். எங்கே கப்பாபிளாங்கா தவறினார் என்று பிள்ளைகளால் ஒரு நகர்த்தலைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை.

1931இல் பிராக் ஒலிம்பியாட். இங்கிலாந்தின் முதல் பலகையில் 17 ஆட்டங்களில் பதினொன்றரைப் புள்ளி. முன்னணி ஆட்டக்காரர்களான ஃப்ளோரை வென்றார், ரூபின்ஸ்டைனை வென்றார், அன்றைய உலக சாம்பியன் அலெகைனோடு சமன் செய்தார். அதே ஆண்டு டார்டகோவரோடு தனிப் போட்டி ஆடி வென்றார். 1932இல் மறுபடியும் பிரிட்டிஷ் சாம்பியன். 1933 கோடையில் ஃபோக்ஸ்டன் ஒலிம்பியாடில் அவர் ஆட்டம் முன்போல் இல்லை. வென்றதும் தோற்றதும் சரிக்குச் சரி. கட்டுரையாளர் 'சரிவு' என்று சொல்லத் தோதாக இருக்கும் ஒரே போட்டி அது. ஆனால் அது முடிந்த கையோடு ஹேஸ்டிங்ஸில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை மூன்றாவது முறையாக வென்றாரே, அதை ஏன் ஒரே வரியில் தாண்டிப் போனார்?

அந்த ஆண்டு டிசம்பரில் சுல்தான் கான் இந்தியா திரும்பினார். சரிந்து திரும்பவில்லை, சாம்பியனாகத் திரும்பினார். லண்டனில் இந்தியா கவுன்சில் வேலையாக இருந்த சர் உமர் ஊர் திரும்பினார், அவரோடு இவரும் திரும்பினார். அவ்வளவுதான் காரணம். 1935இல் காதில்கர் என்ற ஆட்டக்காரரோடு ஒரு தனிப் போட்டி வைத்தார்கள். பத்து ஆட்டம். சுல்தான் கான் ஒன்பதரை, காதில்கர் அரை. சரிந்துபோன ஆளின் கணக்கா இது? இந்தப் போட்டியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தெரியாமல் விட்டிருந்தால், பாதி வரலாறு படித்துவிட்டு ஒரு மனிதரின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். தெரிந்து விட்டிருந்தால் அது அதைவிட மோசம்.

அதற்குப் பிறகு சுல்தான் கானுக்குப் போட்டி என்று எதுவும் இல்லை. அவர் காலத்தில் ஐரோப்பாவில் ஆடுவதென்றால் கப்பல் கட்டணம் வேண்டும், அங்கே தங்க இடம் வேண்டும், அழைப்பு வேண்டும். மூன்றும் சர் உமரால் வந்தவை. அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தொடங்கியதே 1951இல். பம்பாயிலோ சென்னையிலோ ஐரோப்பியத் தரத்தில் ஒரு போட்டி அன்று கிடையாது. பிறகு உலகப் போர், பிறகு பிரிவினை. சர் உமர் 1944இல் இறந்தார். சுல்தான் கானுக்கு மிஞ்சியது கொஞ்சம் நிலம். காசநோயால் 1966இல் சர்கோதாவில் இறந்தார். ஆடியே தோற்றுப்போன ஒருவருக்கு வீழ்ந்தவர் என்று பெயர் வைக்கலாம். எதிரே ஆளே உட்கார வைக்கப்படாத ஒருவருக்கு எப்படி அந்தப் பெயரை வைப்பீர்கள்?

சர் உமர் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். ஃபாத்திமா என்ற இளம்பெண். அவரும் சர் உமரின் பரிவாரத்தில் லண்டன் போனவர். 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றார். சர் உமர் வீட்டார் ஊர் திரும்பிய பிறகு அவர் பெயரையும் எந்தப் போட்டியிலும் காணோம். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், இரண்டு சாம்பியன்களுக்கும் சேர்ந்தாற்போல் திறமை வற்றிப்போயிற்று என்று கட்டுரையாளர் சொல்லப் போகிறாரா? ஃபாத்திமாவை அவர் குறிப்பிடவே இல்லை. குறிப்பிட்டிருந்தால் தனிமனிதத் திறமையின் வீழ்ச்சி என்ற அவருடைய கதை அந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கும்.

அடுத்தது, படிப்பில்லாததால் வீழ்ந்தார் என்ற வாதம். என்னைக் கோபப்படுத்தியது இதுதான். சுல்தான் கான் சிறுவயதில் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கும் முறையும் வேறு. வளர்ந்த பிறகு ஐரோப்பிய விதிகளைப் புதிதாகக் கற்று, வின்டர், யேட்ஸ் ஆகிய ஆங்கிலேய ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்து, சில மாதங்களில் அந்த நாட்டுச் சாம்பியன் ஆனார். தொடக்க நகர்த்தல்களில் அவருக்குத் தடுமாற்றம் இருந்தது உண்மை. அந்தத் தடுமாற்றத்தோடுதான் கப்பாபிளாங்காவை வென்றார். இங்கிலாந்தின் குளிரில் மலேரியாவும் தொண்டைப் புண்ணும் விடாமல் பிடித்திருக்க, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து ஆடினார். இப்படி ஒரு நிலையில் இவ்வளவு செய்தவரை மேதை என்று சொல்ல கப்பாபிளாங்காவே தயங்கவில்லை. நம் கட்டுரையாளர் தயங்குகிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர், மேசையில் பரிமாறிய வேலைக்காரர் என்பதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்களின் நினைவுக் குறிப்புகளிலிருந்து வந்தவை. ஃபோக்ஸ்டனுக்குப் பிறகு அமெரிக்க அணி சர் உமர் வீட்டு விருந்துக்குப் போனபோது சுல்தான் கான் பரிமாறியதாக அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் எழுதினார். அதையே எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். டேனியல் கிங் சுல்தான் கானைப் பற்றி எழுதிய புத்தகம் 2020இல் வெளிவந்தபோது, அவர் வேலைக்காரரும் அல்லர், படிப்பில்லாதவரும் அல்லர், நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்று குடும்பத்தார் வெளிப்படையாக மறுத்து எழுதினார்கள். எந்தப் பக்கம் முழு உண்மை என்பது வேறு விவாதம். ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் நிரூபணமாக வைப்பது நேர்மையில்லை.

கட்டுரையாளர் கடைசியாக இறக்கிய சீட்டு, சுல்தான் கான் தன் பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுத்தரவில்லை, வாழ்க்கையில் இன்னும் உபயோகமாக ஏதாவது செய்யச் சொன்னார் என்பது. இது அவர் மகனே சொன்னது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன தகப்பன் யார் என்று பாருங்கள். உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களை வென்றவர். அந்த ஆட்டத்தால் ஒரு வேலை கிடைக்கவில்லை, ஒரு ஓய்வூதியம் கிடைக்கவில்லை, ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1950இல் முதல்முறையாக 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அதில் ரூபின்ஸ்டைன் இருந்தார். அவர் போட்டிகளை விட்டு விலகி அதற்குள் ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பழைய சாதனைக்காகக் கொடுத்தார்கள், கொடுத்தது நியாயம். அதே ரூபின்ஸ்டைனை பிராக்கில் வென்ற சுல்தான் கானை யாரும் நினைக்கவில்லை. அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024 பிப்ரவரியில், இறந்து 57 வருஷத்துக்குப் பிறகு. இப்படி நடத்தப்பட்ட மனிதர் தன் பிள்ளைகளிடம் வேறு என்ன சொல்லியிருப்பார்? அவர் சொன்னது தன்னை நடத்தியவர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டு. அதை எடுத்து ஆட்டத்தின் மேல் வைத்த தீர்ப்பாக மாற்றியிருக்கிறார் கட்டுரையாளர்.

உலக சாம்பியன்களாக இருந்த ஃபிஷரையும் டிங் லிரனையும் காட்டி இந்த ஆட்டம் மூளையைக் குலைக்கும் என்று கட்டுரையாளர் பயமுறுத்துவதற்கு நீண்ட பதில் தேவையில்லை. டிங் 2023 ஏப்ரலில் உலக சாம்பியன் ஆன பிறகு மனச்சோர்வோடு போராடினார், மறைக்காமல் சொன்னார். அந்த நிலையிலும் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் கடைசி ஆட்டம் வரை சென்னையைச் சேர்ந்த குகேஷோடு சமநிலையில் நின்றார். நோயாளி ஒருவரின் மன உறுதியை எடுத்துப் பயங்காட்டும் பொம்மையாக நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அப்படியே ஒரு துறையால் வரும் மன அழுத்தத்தை வைத்துத்தான் அந்தத் துறையை ஒதுக்குவோம் என்றால், கட்டுரையாளர் நம் மாவட்டங்களைப் பற்றியல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? 2020 செப்டம்பரில் திருச்செங்கோட்டில் ஒரு பையன். 2021 செப்டம்பரில் மேட்டூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பையன். இருவரும் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை ஒட்டிய நாளில் உயிரை விட்டார்கள். அதற்காக மருத்துவப் படிப்பே வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. பிள்ளைகள்மேல் சுமத்தும் முறையைத்தான் கேள்வி கேட்டோம். செஸ்ஸுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சேலம், நாமக்கல் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரையாளருக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ டோர்னமெண்ட் நடக்கும். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில் உட்கார இடம் இருக்காது. பதினொன்று வயதுப் பிரிவும் நிறையும். பதினைந்து வயதுப் பிரிவுக்கு வந்தால் பாதி மேசைகள் காலி. பொதுப் பிரிவில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் ரேட்டிங் வாங்கி, எண்ட்கேமை ரசித்து ஆடத் தொடங்கிய பிள்ளைகள் எங்கே போனார்கள்? அவர்களும் எந்தப் போட்டியிலும் தோற்று வெளியேறவில்லை. விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அப்பாக்கள் வந்து சொல்லும் வாசகம் எனக்கு மனப்பாடம். "பையன் நல்லாத்தான் வெளையாடறான் சார், இல்லைங்கல. ஒம்பதாவது ஹாஸ்டல்ல சேத்தறோம்ங்க. ப்ளஸ்டூ முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்ங்க." லாரி பாடி கட்டும் பட்டறைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவரும் இதைத்தான் சொல்கிறார், விசைத்தறி வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உடம்பு நோக வேலை செய்து, பிள்ளையாவது ஒரு நல்ல வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கிறவர்கள். ஆனால் 'அப்பறம்' என்பது வருவதில்லை. பதிமூன்றிலிருந்து பதினேழு வரை நாலு வருஷம் பலகையைத் தொடாத பிள்ளை திரும்பி வந்தால், அதே வயதில் தினமும் ஆறேழு மணி நேரம் உழைத்த பிள்ளையின் எதிரில்தான் உட்கார வேண்டும்.

எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் வந்தது சும்மா இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18இல் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளைக்கு மாநிலப் போட்டிக்குப் போக மூன்று நாள் விடுப்பு கேட்டு அவள் அம்மா நின்றார். பள்ளியில் கொடுக்கவில்லை. விடுதிப் பெட்டியில் இருந்த மடக்குப் பலகையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுரையாளர் ஒரு கொள்கை விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

செஸ்ஸில் தொழிலாக நிற்பது கஷ்டம் என்றால் ஒப்புக்கொள்வேன். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் வேண்டும், மூன்று நார்ம், அதாவது பட்டத் தகுதிக்கான போட்டிச் சாதனை, வேண்டும். நார்ம் வேண்டுமானால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் இருக்கும் போட்டியில் ஆட வேண்டும். பெரும்பாலும் விமானம் ஏற வேண்டும். நாகர்கோவிலைச் சேர்ந்த ஷியாம் நிகில் 2012லேயே 2500ஐத் தொட்டவர். கடைசி நார்முக்காக 12 வருஷம் காத்திருந்து, 2024 மே மாதம் துபாயில், 31 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கட்டுரையாளரின் கணக்குப்படி அவர் எப்போதோ வீழ்ந்தவர். பலகையை விட்டு எழவில்லை என்பதால் இன்று இந்தியாவின் 85ஆவது கிராண்ட்மாஸ்டர். காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டிலிருந்து இனியன் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பள்ளிபாளையத்துப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அந்தக் கரையில் விளைந்தது இந்தக் கரையில் விளையாது என்று எந்த மண் சொல்லிற்று?

குகேஷ் விதிவிலக்கு, அவர் பெற்றோர் மருத்துவர்கள் என்பார்கள். குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. அவர் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு நாடு நாடாகப் போனார். எல்லா வீட்டிலும் இது முடியாது, செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனால் 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆதரவோடு சென்னையில் கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்ததும், அதில் குகேஷ் முதலிடம் பெற்றதும், அதில் கிடைத்த புள்ளிகளால், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றதும் யாருடைய வீட்டுப் பணத்தால் நடந்தது? சரியான வாரத்தில் சொந்த ஊரில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு வருஷத்தில் 18 வயதுப் பையன் உலக சாம்பியன். சுல்தான் கானுக்கு 1934இல் லாகூரிலோ டெல்லியிலோ அப்படி ஒரு போட்டி வைக்க ஆள் இல்லை. அவர் திரும்பி வந்த 1933க்கும், மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன 1961க்கும் இடையே 28 வருஷம். அந்த 28 வருஷத்தை ஒரு மனிதரின் தோல்வி என்று கணக்கில் எழுதுவது அநியாயம்.

என் பிள்ளைகள் எல்லோரும் கிராண்ட்மாஸ்டர் ஆவார்கள் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை. சிலர் கோச் ஆவார்கள், சிலர் போட்டி நடுவர் ஆவார்கள், சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலைக்குப் போவார்கள், பலர் வேறு வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். எந்த வழியில் போவது என்பதை அவர்களுடைய ஆட்டம் முடிவு செய்யட்டும். பதிமூன்று வயதில் பள்ளிக்கூடம் முடிவு செய்ய வேண்டாம். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாநிலப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைக்கு வருகைப் பதிவு. விடுதியில் மாலை ஒரு மணி நேரம். அந்தத் தேதியில் மாதத் தேர்வு வந்தால் மறுதேர்வு. சேலத்திலும் நாமக்கல்லிலும் வருஷத்துக்கு ஒரு நல்ல ரேட்டிங் போட்டி, அதுவும் பொதுத்தேர்வு முடிந்த மே மாதத்தில்.

சென்ற இதழ்க் கட்டுரைக்கு நான் பதில் எழுத வேண்டியிராது. ஆனால் அந்தக் கட்டுரையை நகலெடுத்து, இங்கே ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அப்பா அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 'வீழ்ச்சி' என்ற சொல்லின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அந்தத் தாளில் 1933 ஹேஸ்டிங்ஸ் ஒரு வரி. 1935 இல்லை. ஃபாத்திமா இல்லை. கட்டுரையாளருக்கும் இதழாசிரியருக்கும் என் வேண்டுகோள்: இந்தப் பதிலையும் நகலெடுத்து அதே பெற்றோர் கையில் அடுத்த கூட்டத்துக்குள் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சேர்க்கைப் படிவத்தில் அவர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.